பேச்சித்தாயின் வலது கை

மருந்துக் கணக்கில் டாக்டர் சுடலைமுத்துவை யாரும் அசைக்க முடியாது. பதினைந்து வருடம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் குப்பை கொட்டிவிட்டு, நாற்பதைத் தாண்டிய பிறகு மயக்கவியல் படிக்க வந்தவர். பாடப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்தார். அவருடைய ஆசிரியை டாக்டர் மெர்சிலின் அவரைவிட இளையவர். இவர் அவரை ‘மேடம்’ என்பார், அவர் இவரை ‘சார்’ என்பார்.

அன்றைக்கு அறுவை மேசையில் படுத்திருந்தவள் பேச்சித்தாய். சந்தையில் கருவாடு விற்பவள், பித்தப்பையில் கல். அவள் குரலுக்குச் சந்தையே ஒதுங்கும். இப்போது அது கம்மிப் போயிருந்தது.

“அய்யா, அறுக்கும்போது முழிச்சிர மாட்டேன்லா?”

“ஒண்ணுமே தெரியாதும்மா. நான் பொறுப்பு,” என்றார் சுடலைமுத்து.

மெர்சிலின் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை ஒன்றை எடுத்து அவளுடைய வலது முன்கையில் சுற்றினார்.

“இடது கையில ஏற்கெனவே ஒண்ணு இருக்கே மேடம்?”

“இருக்கட்டும் சார். நீங்க மருந்தப் போடுங்க.”

தூக்கத்துக்கு ஒன்று, வலிக்கு ஒன்று. கண் சொருகியது. மூன்றாவது, தசைகளைத் தளர்த்தி உடம்பை அசையவிடாமல் செய்யும் மருந்து. அதை ஏற்றுவதற்கு முன் மெர்சிலின் பட்டையை இறுக்கி, வலது கைக்குப் போகும் ரத்தத்தை நிறுத்தினார். மருந்து உடம்பெல்லாம் பரவியது, அந்தக் கைக்கு மட்டும் போகவில்லை. தொண்டைக்குள் குழாய் இறங்கியது. இயந்திரம் அவளுக்காக மூச்சுவிடத் தொடங்கியது.

“தூங்கிட்டாங்களா சார்?”

“கட்டை மாதிரி கெடக்காங்க மேடம்.”

“நான் அதக் கேக்கல.”

சுடலைமுத்து வயது, எடை, மில்லிகிராம் எல்லாவற்றையும் வாய்ப்பாடு போல ஒப்பித்தார். ஒரு புள்ளி பிசகவில்லை. அறுவைச் சிகிச்சை நிபுணர் கத்திக்குக் கை நீட்டினார்.

“ஒரு நிமிஷம் டாக்டர்,” என்று மெர்சிலின் அவரைத் தடுத்தார். “சார், அந்த வலது கையப் பிடிச்சுக்கோங்க.”

பிறகு நோயாளியின் காதருகே குனிந்தார். “பேச்சித்தாயம்மா, நான் பேசறது கேட்டா டாக்டர் கைய அழுத்துங்க.”

கை அழுத்தியது.

சுடலைமுத்து சட்டென்று மெர்சிலினை நிமிர்ந்து நோக்கினார். ஏதோ நரம்புத் துடிப்பு என்று தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தார்.

“வலிச்சா ரெண்டு தடவ அழுத்துங்கம்மா.”

இரண்டு தடவை அழுத்தியது. கூடை தூக்கிக் காய்த்துப்போன விரல்கள், சந்தேகத்துக்கே இடமில்லை. முகத்தில் இமைகூட அசையவில்லை. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டியது போல இருந்தது அவருக்கு.

“பயப்படாதீங்க, இன்னும் அறுக்கல. இதோ தூங்க வைக்கிறேன்,” என்று சொல்லிக்கொண்டே மெர்சிலின் முதல் இரண்டு மருந்தையும் மறுபடி ஏற்றினார். மறுபடி கேட்டார். விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. இன்னொரு முறை கேட்டார். பதில் இல்லை.

அதன் பிறகுதான் கத்தி பட்டது.

சாயங்காலம் இருவரும் வார்டுக்குப் போனபோது பேச்சித்தாய்க்குப் பழைய குரல் பாதி திரும்பியிருந்தது.

“படுத்தேன், எந்திச்சேன். நடுவுல ஒண்ணும் தெரியாதுய்யா.”

“தொண்டையில குழாய் போட்டது? நான் கையப் பிடிச்சிருந்தது?”

“நீங்க எப்பம்யா எங் கையப் பிடிச்சிய?”

பக்கத்துக் கட்டில்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சுடலைமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பு சிலிர்த்தது. கும்பிட வேண்டும்போல் இருந்தது, யாரைக் கும்பிடுவது என்றுதான் தெரியவில்லை.

வெளியே வந்ததும் கேட்டுவிட்டார். “மேடம், அந்த அம்மா பொய் சொல்லல. சத்தியமா அவங்களுக்கு ஒண்ணும் தெரியல. அப்போ என் கைய அழுத்தினது யாரு?”

மெர்சிலின் நடையை நிறுத்தினார்.

“யாருன்னு எனக்கும் தெரியாது சார்,” என்றார். “வலிக்குதுன்னு சொன்னாங்க. அது போதாதா?”