மேலே ரெண்டு

அல்லிக்குளக் காட்டில் ஒரு முயல் பதினைந்து நாள் பட்டினி கிடந்தது. மழை பொய்க்கவில்லை. கிழங்குக்குப் பஞ்சமில்லை. முயல் சோம்பேறியும் இல்லை. ஒரு பலகையைத் தப்பாகப் படித்தது. அவ்வளவுதான்.

முயலுக்கு ஐந்து குட்டிகள். மற்ற விலங்குகளுக்கு வளை தோண்டிக் கொடுத்து நாளொன்றுக்குப் பத்து மஞ்சாடி விதை சம்பாதிக்கும். அந்தக் காட்டில் மஞ்சாடி விதைதான் பணம். குளத்தங்கரையில் ஆமை கடை வைத்திருந்தது. ஒரு விதைக்கு ஓர் அல்லிக்கிழங்கு. பத்து வாங்கினால் இரண்டு கொசுறு. கொசுறைக் கூடையில் போடும்போது ஆமை, "மேலே ரெண்டு" என்று சொல்லும்.

பத்துக் கிழங்கு குட்டிகளுக்கு, ஆளுக்கு இரண்டு. மேலே ரெண்டு தாய்க்கு. முயலின் ஒரு நாள் சாப்பாடே அதுதான்.

ஒரு பௌர்ணமியன்று நரி கடைக்கு வந்தது. கையில் ஒரு கட்டு ஆலிலை. ஒவ்வொன்றிலும் அரக்கு முத்திரை.

"இனிமேல் யாரும் விதையைச் சுமக்க வேண்டாம். இந்த இலையைக் காட்டினா நீ கிழங்கு கொடு. பத்துக்குப் பத்து விதை சாயங்காலமே நான் உனக்குக் கொடுத்துடறேன். அமாவாசையன்னிக்கு நான் இலை காட்டினவங்ககிட்ட வாங்கிக்கறேன்" என்றது நரி.

"உனக்கு என்ன லாபம்?"

"பத்துக்கு ரெண்டு விதை."

"என் கையிலிருந்தா?"

"சேச்சே. வாங்கறவங்க தலையிலே. நீ ஒரு பலகை மாட்டு. நான் சொல்றபடி எழுது."

ஆமை எழுதியது: 'இலை காட்டினால் மேலே ரெண்டு.'

நரி சொன்னது, ஆமை எழுதியது. வேறொன்றும் அதற்கு உறைக்கவில்லை. அந்தக் காட்டில் அந்த வார்த்தையைக் கேட்டால் எல்லோர் வாயிலும் எச்சில் ஊறும் என்பது நரிக்கு மட்டும் நன்றாகத் தெரியும்.

அன்றைக்கே நரியின் குகை வாசலில் கூட்டம். எருமை எல்லோரையும் இடித்துக்கொண்டு நின்றது.

"எப்பவும் மேலே ரெண்டு. இப்ப இலைக்குன்னு தனியா மேலே ரெண்டு. ஆக நாலு!" என்றது எருமை.

கேட்ட முயலும் வரிசையில் நின்றது. இலை வாங்கிக்கொண்டு நேரே கடைக்குப் போனது. ஆமை கூடையில் கிழங்கைப் போட்டது.

"அண்ணே, மேலே ரெண்டு?"

"போட்டாச்சு தங்கச்சி."

ரெண்டு விதையை நரியின் கணக்கில் போட்டதை ஆமை சொன்னது. கூடையில் போட்டதாக முயல் நினைத்தது. கொசுறை எண்ணிப் பார்ப்பது அந்தக் காட்டில் மரியாதை இல்லை. முயல் எண்ணவில்லை.

வீட்டில் கொட்டினால் பத்துதான் இருந்தது.

கூடையில் ஓட்டை என்று நினைத்து அடியைப் பின்னியது. மறுநாளும் பத்து. குட்டிகளை அதட்டியது. அவை ஒன்றையொன்று பார்த்து விழித்தன. மூன்றாம் நாள் வந்த வழியெல்லாம் திரும்பிப் போய்த் தேடியது. ஆமையைச் சந்தேகப்பட மட்டும் அதற்குத் தோன்றவில்லை. கூலியாகக் கிடைத்த விதைகளை நரிக்கென்று ஒரு பொந்தில் சேர்த்து வைத்துவிட்டு, குட்டிகள் தின்பதைப் பார்த்துக்கொண்டே படுத்தது.

பதினாலாம் நாள் தோண்டிய குழியிலேயே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டது. அது விழுந்தால் அந்த ஐந்துக்கும் யார்?

அமாவாசையன்று காலையில் நரி வந்தது.

"நூற்றெண்பது எடு."

"பதினஞ்சு நாளைக்கு நூற்றைம்பதுதானே அண்ணே?"

"மேலே ரெண்டு இருக்கே. பலகையைப் பார்க்கலையா?"

"அது எனக்குத் தர்றது இல்லையா?"

"எனக்கு, தங்கச்சி. எனக்கு" என்று நரி பல்லைக் காட்டியது. "மூணு நாள் தவணை தரேன். மிச்சம் முப்பது வரலேன்னா உன் வளை எனக்கு."

நூற்றைம்பதை எண்ணிக் கொடுத்துவிட்டு முயல் குளத்தங்கரைக்குத் தள்ளாடிக்கொண்டு போனது.

அங்கே அதற்கு முன்னால் ஓர் ஆடு நின்றது. ஆடு பத்து விதையைக் கல்லில் கொட்டியது. ஆமை பத்துக் கிழங்கைப் போட்டது. பிறகு இன்னும் இரண்டைப் போட்டது.

"மேலே ரெண்டு" என்றது.

முயலுக்குக் கண் விரிந்தது.

"அக்கா, உங்களுக்கு நரியண்ணன் இலை கொடுக்கலையா?"

"கொடுத்தான்."

"எங்கே?"

"தின்னுட்டேன்."

"முத்திரை வச்ச இலையையா?"

"ஆட்டுகிட்ட இலையைக் கொடுத்தா வேற என்ன பண்ணும்? அரக்குதான் பல்லிலே ஒட்டிக்கிச்சு. அப்புறம் ஏது இலை? விதைதான் கொடுக்கறேன்."

முயல் ஆமையின் பக்கம் திரும்பியது.

"எனக்கு ஏன் அண்ணே பதினஞ்சு நாளா ரெண்டு போடலை?"

"தினமும் போட்டேனே."

"கூடையிலே இல்லையே."

"கூடையிலே எதுக்கு? நரி கணக்கிலே போட்டேன். ஒரு வியாபாரத்துக்கு ஒரு தடவைதான் மேலே ரெண்டு. இலைன்னா நரிக்கு ரெண்டு விதை. விதைன்னா உங்களுக்கு ரெண்டு கிழங்கு. அதான் பலகையிலே எழுதியிருக்கேனே."

"அதைப் படிச்சுத்தான் அண்ணே நான் பட்டினி கிடந்தேன். அந்த ரெண்டுதான் என் சாப்பாடு."

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. ஆடு குளம்பால் ஓட்டைத் தட்டியது.

"வெளியே வாய்யா. உள்ளே உட்கார்ந்தா அவளுக்கு வயிறு நிறையுமா?"

ஆமை மெல்ல எட்டிப் பார்த்தது.

"உன் முப்பது கிழங்கு என் கடையிலேயே தங்கிடுச்சு தங்கச்சி. திருடணும்னு நினைக்கலை. ஆனா தங்கிடுச்சு. கிழங்குக்கு ஒரு விதை. இந்தா முப்பது. நரிக்குக் கட்டிடு. இந்த ரெண்டு கிழங்கை இங்கேயே உட்கார்ந்து தின்னுட்டுப் போ."

முயல் அங்கேயே உட்கார்ந்து தின்றது. பிறகு போய்க் கடனைக் கட்டியது. வளை தப்பியது.

விஷயம் காட்டில் பரவியது. எருமை முதற்கொண்டு எல்லோரும் வந்து கத்தினார்கள். ஆமை எல்லோருக்கும் அவரவர் கொசுறுக்கான விதையைக் கொடுத்தது. ஒரு கோடைக்காலச் சேமிப்பு அதோடு போயிற்று. பழைய பலகையைக் கழற்றி அடுப்பில் வைத்தது. புதுப் பலகையில் இப்படி எழுதியது: 'இலை காட்டுகிறவர் நரிக்கு இரண்டு விதை கூடக் கொடுக்க வேண்டும். விதை கொடுக்கிறவருக்கு இரண்டு கிழங்கு கூடக் கிடைக்கும்.' அவ்வளவு வார்த்தையை ஆமை தன் ஆயுளில் செலவழித்ததில்லை.

அதைப் படித்த பிறகு இலையை யார் நீட்டுவார்கள்? எல்லோரும் ஆட்டின் முன்னால் கொண்டுவந்து போட்டார்கள். ஆடு அரக்கைத் துப்பித் துப்பித் தின்றது.

நாலு நாள் கழித்து நரியே கிழங்கு வாங்க வந்தது. பத்து விதையைக் கல்லில் வைத்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில், "மேலே ரெண்டு?" என்று கேட்டது. ஆமை போட்டது. வியாபாரம் என்றால் எல்லோருக்கும் ஒன்றுதானே.

கையில் இருக்கும் காசைக் கொடுத்து வாங்கினால் நடுவில் ஒருவன் புகுந்து தின்ன வழியில்லை; இதை அந்தக் காட்டுக்குப் புரியவைத்தது பெரிய அறிவாளி யாரும் இல்லை, கொடுத்த இலையைத் தின்றுவிட்ட ஆடு.