உமிப்பட்டி மனு அடிச்ச லட்சணம்

பொய்யா சொல்லுதேன்? ஏட்டி தேனம்மை, டைப்புங்கிற சொல்லு எங்கேருந்து வந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா? கிரேக்க பாஷையில அடின்னு அர்த்தமாம். அடிச்சா பதியுதே தடம், அதுக்கும் அதே பேராம். இந்த ஒரு சங்கதி உமிப்பட்டிக்காரங்க காதுல விழப்போய்த்தான், அந்த ஊருக்கு வரவேண்டிய பஸ்ஸு வராமப் போச்சு.

அங்க எல்லாருக்கும் நெல்லை ஊறப்போட்டு, வறுத்து, அவல் இடிக்கிறதுதான் பொழப்பு. வேற புத்தி கிடையாது. பொண்ணு பார்க்கப் போன இடத்துல உரலைச் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு வந்த பயலுவ. அதுல ஒருத்தன் உரலையே கட்டிக்கிடுதேன்னு அழுதான். சரி, அது கிடக்கட்டும்.

சந்தைக்கு மூட்டை சுமந்து சுமந்து கழுத்தே உள்ள போயிட்டுன்னு, பஸ்ஸு கேட்டு அதிகாரிகிட்ட போனாங்க. "மனுவை டைப் அடிச்சு சாயங்காலத்துக்குள்ள கொண்டாங்க. நாளைக்கு நான் மாத்தலாகிப் போயிருவேன்"னுட்டாரு அவரு.

டைப்பு வாத்தியார் ஒருத்தர் பழைய மெஷினை இரவல் குடுத்தாரு. அதோட நின்னாரா? விளக்கமும் குடுத்தாரு: "டைப்புன்னா ஆதியில அடின்னு அர்த்தம். அடிச்சாத்தான் எழுத்து விழும்."

ஊர்த்தலைவர் மாசானம் தாடையைத் தடவினாரு. "அடிக்கிறது நமக்குத் தெரியாததா? ஆனா பச்சையா அடிச்சா நொறுங்கிருமே."

"ஊறப்போடணும்வே"ன்னா அவரு மதினி பிச்சம்மா.

"எதை? தாளையா, மெஷினையா?"

"நெல்லை ஊறப்போடுதோமா, உரலை ஊறப்போடுதோமா? உம்மையெல்லாம் எவன்வே தலைவராக்குனான்?"

தாளை ஊறப்போட்டாங்க. வடிச்சாங்க. சட்டியில போட்டு வறுத்தாங்க. சூடு ஆறுறதுக்குள்ள மெஷின்ல சொருகி, ரெண்டு பேரும் எதிரும் புதிருமா நின்னு, ஆளுக்கொரு உலக்கை. உஸ்ஸு... உஸ்ஸு... நாலு போடு போட்டதுமே அச்செழுத்தெல்லாம் கழண்டு முற்றம் பூரா சிதறிட்டு.

பிச்சம்மாவுக்கு வாயெல்லாம் பல்லு. "எழுத்து விழும்னாரே வாத்தியாரு, விழுந்துட்டு பாரும்!"

அப்புறம் விடுவாங்களா? சுளகுல அள்ளிப் புடைச்சாங்க. தாளு தூளாப் பறந்துட்டு. "உமி போகட்டும்"னாரு மாசானம். மிஞ்சுன இரும்பெழுத்தைப் படியில அளந்து, துணி மூடி, அதிகாரி மேசையில கொண்டு வச்சாங்க.

"மனு எங்கய்யா?"

"இதுதான் எசமான். சுத்தமாப் புடைச்சது."

"இதை எப்படிய்யா படிக்க?"

மாசானம் பிச்சம்மாவைப் பார்த்தாரு. பிச்சம்மா ரொம்ப மரியாதையாச் சொன்னா: "கொஞ்சம் வெல்லமும் தேங்காப்பூவும் போட்டுக்கிடுங்க எசமான்."

அதிகாரி சாயங்காலம் வரைக்கும் இருக்கல. அப்பவே கிளம்பிட்டாரு. பஸ்ஸும் வரல. இவங்க அந்தப் படியை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து, மூட்டை கட்டாம இருந்த அவல்மேல கவுத்துட்டாங்க. வீணாக்கக் கூடாதாம்!

இன்னுமா நம்பமாட்டே? அந்தா, வாசல்ல அந்தப் பிச்சம்மாவே அவல் விக்க நடந்தே வந்து நிக்கா, கழுத்தே இல்லாம. போய் அவல் மூட்டையை இறக்கி உள்ள கொண்டா. கூடவே அந்தச் சுளகையும் எடுத்துட்டு வா. போன தடவை ஒரு 'ழ'வைக் கடிச்சுத்தான் என் கடைவாய்ப் பல்லு போச்சு.