ராகு காலத்து விமானம்

வேலையை விட்டுவிட்டுத் தனியாக டிராவல்ஸ் தொடங்கிய பேச்சியம்மாளுக்கு இதுதான் முதல் பெரிய குழு. திருநெல்வேலி ஜவுளி வியாபாரிகள் கூட்டமாகச் சிங்கப்பூர் போகிறார்கள். அவர்களின் தலைவர் பால்வண்ணம் அண்ணாச்சி எல்லார் முன்னிலையிலும் அவள் மேசையைத் தட்டினார்.

"விமானம் ராகு காலத்துல கிளம்புது. நேரத்தை மாத்தச் சொல்லு. இல்லேன்னா டிக்கெட்டு மொத்தமும் வேற ஆளுக்கு."

"சரி அண்ணாச்சி. ராகு காலத்துல உங்க கடையைப் பூட்டிருவீயளோ?"

"எதுக்குப் பூட்டணும்? நல்ல நேரத்துலயே திறந்து விளக்கேத்தியாச்சுல்லா!"

"அதேதான். நல்ல நேரத்துல வீட்டுப் படி இறங்கிட்டா பயணமும் தொடங்கியாச்சு. ராகு காலத்துல வந்த யாவாரத்தை என்னைக்காவது திருப்பி அனுப்பியிருக்கியளா?"

கூட்டம் சிரித்தது. அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எனக்கு ஜன்னலோர சீட்டு போடு."