இஞ்ஞாசியின் ஏரி

இஞ்ஞாசி பிறந்த தெருவுக்குப் பின்னால் ஓர் ஏரி இருந்தது. இப்போது அங்கே பேருந்து நிலையம். ஐம்பது வயதுக்கு மேல் அவருக்கு அந்த ஏரியை மறுபடி கேட்க வேண்டும் என்று ஆசை வந்தது. ஒலியைக் கொண்டு கலை செய்யும் பர்வீனிடம் மாணவராகப் போய்ச் சேர்ந்தார். பர்வீன் அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் இவருக்கு டீச்சர்தான்.

மழைக்காலம் முழுக்க இஞ்ஞாசி குளம் குளமாக அலைந்து தவளைச் சத்தங்களைப் பதிவு செய்தார். ஒரு கண்காட்சிக் கூடத்தின் இருட்டறையில் சுவரெங்கும் ஸ்பீக்கர்களைப் பொருத்தினார். தரையில் காலடி பட்டால் போதும், அங்கேயே தவளைகள் கத்தும்.

முதலில் அக்கா செபஸ்தியம்மாளைத்தான் கூட்டிவந்தார். அக்கா நடந்தார். தவளைகள் கத்தின. எதிர்ச்சுவர் வரை போய்த் திரும்பினார்.

“நல்லாத்தான்டா இருக்கு. ஆனா இது நம்ம ஏரி இல்ல.”

மறுநாள் பர்வீன் முன்னால் போய் உட்கார்ந்தார் இஞ்ஞாசி.

“எல்லாம் நிஜத் தவளைங்க டீச்சர். எதுல தப்புப் பண்ணினேன்?”

பர்வீன் அவரை அன்று அந்தி சாயும் நேரத்தில் ஊருக்கு வெளியே ஒரு குளத்துக்கு அழைத்துப் போனார். தூரத்திலேயே தவளைச் சத்தம் காதை அடைத்தது. இவர்கள் கரையில் கால் வைத்ததும் சட்டென்று நின்றுபோனது.

“என்னாச்சு?”

“உட்காருங்க சார்.”

உட்கார்ந்தார்கள். கொசு கடித்தது. கால் மரத்தது. வெகுநேரம் கழித்து எங்கோ ஒன்று தயங்கிக் குரல் கொடுத்தது. பிறகு இன்னொன்று. கடைசியில் குளமே கத்தியது.

இஞ்ஞாசிக்கு அரைக்கால் சட்டை நாட்கள் நினைவுக்கு வந்தன. அக்காவும் அவரும் ஏரிக்கரையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முதலில் அசைபவர் தோற்றவர். எப்போதும் இஞ்ஞாசிதான் தோற்பார்.

அறையைத் தலைகீழாக மாற்றினார். அசைந்தால் மௌனம். அசையாமல் இருந்தால்தான் ஏரி.

அக்கா மறுபடி வந்தார்.

“ஒண்ணும் கேக்கலியே. மெஷின் கெட்டுப்போச்சா?”

கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அக்கா சேலையை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். முதல் தவளை கத்தியபோது அவர் தோள் குலுங்கியது. உடனே சத்தம் நின்றுவிட்டது. அதன்பின் கன்னத்தில் வழிந்ததைக்கூட அவர் துடைக்கவில்லை. காவலாளி வந்து கதவைத் தட்டும்வரை எழுந்திருக்கவும் இல்லை.

கண்காட்சி திறந்தது. கூட்டம் வந்தது. உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒன்றுமில்லை என்று முணுமுணுத்தபடி வெளியேறியது. இஞ்ஞாசிக்குப் பொறுக்கவில்லை.

“யாருமே உட்கார மாட்டேங்கறாங்க டீச்சர். பக்கத்துலயே ஏரி இருக்கு, கேக்காமப் போறாங்க.”

பர்வீன் படியிறங்கிப் போகிறவர்களைப் பார்த்தார்.

“நிஜ ஏரி இருந்தப்ப எத்தனை பேர் உட்கார்ந்து கேட்டாங்க, சார்?”