கையில் கரிக்கோடு இல்லாதவள்

முன்னொரு காலத்தில் நெடுவயல் என்ற நாட்டைக் கொற்றவேலன் என்ற ராஜா ஆண்டு வந்தான். நல்ல மனசுக்காரன்தான். ஆனால் காலையில் சொன்னதை மாலையில் மாற்றுவான். ஒருநாள், "இளவரசன் வீரனாக வளர வேண்டும். இனி அரண்மனையில் தாலாட்டுச் சத்தமே கேட்கக் கூடாது" என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான், தொட்டில் ஆட்டிப் பாடிக்கொண்டிருந்த செங்கமலத்தின் வேலை போயிற்று.

இப்படி ராஜாவின் வாயால் வேலை இழந்தவர்கள் ஊரில் நிறையப் பேர். அமைச்சர் மணவாளர் அவர்களுக்காக மன்றாடி, வேறு வேலை கிடைக்கும்வரை வெள்ளிக்கிழமைதோறும் அரண்மனைக் களஞ்சியத்தில் அரிசி அளக்க ஏற்பாடு செய்தார். ஊரே அவரை வாழ்த்தியது. களஞ்சிய அதிகாரி விரூபாட்சனுக்கு அது பொறுக்குமா?

"மகாராஜா, உட்கார்ந்து தின்னப் பழகிவிட்டால் ஒருத்தனும் வேலை தேட மாட்டான். வாரத்துக்கு மூன்று வீட்டில் வேலை கேட்கட்டும். இல்லை என்று சொல்கிற வீட்டுக்காரர் கேட்டவர் கையில் ஒரு கரிக்கோடு இழுக்கட்டும். மூன்று கோடு இருந்தால்தான் அரிசி" என்றான்.

ராஜாவும் சரி என்று தலையாட்டினான். கெட்டிக்காரர்கள் தங்கள் வீட்டு அடுப்புக்கரியிலேயே மூன்று கோடு இழுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். செங்கமலம் மட்டும் வெறுங்கையோடு வந்தாள், வெறுங்கூடையோடு திரும்பினாள். அடுத்த வெள்ளியும் அதே கதை. "இன்னொரு தடவை இப்படி வந்தால் உன் பெயரையே எடுத்துவிடுவேன்" என்றான் விரூபாட்சன்.

அவள் புருஷன் சடையன் காலொடிந்து படுத்திருந்தான். "ஊரே கரியைப் பூசிக்கிட்டுப் போகுது. நீயும் மூணு கோடு இழுத்துக்கயேன்" என்றான்.

"கரிக்கு எங்கய்யா போறது? நம்ம அடுப்பு எரிஞ்சு எத்தனை நாளாச்சு?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சடையனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும் கண் கலங்கிவிட்டது.

இதைக் கேள்விப்பட்ட மணவாளர் அவளைச் சபைக்கு அழைத்து வந்தார். "வேலை தேடிப் போனாயா இல்லையா அம்மா?" என்று கேட்டான் ராஜா.

"தினமும் போனேன் மகாராஜா. ஆனா ஒரு வீட்டுலயும் இல்லைன்னு சொல்லலீங்க."

"பொய்" என்றான் விரூபாட்சன். "இல்லை என்று சொல்லவில்லையென்றால் வேலை கொடுத்திருக்க வேண்டுமே."

மணவாளர் பணிவாகக் குறுக்கிட்டார். "நாம் ஏன் வாதாட வேண்டும்? நாளைக்கு அதிகாரியே கரியும் கையுமாக இவளோடு போகட்டும். தம் கையாலேயே கோடு போடட்டும்."

மறுநாள் விரூபாட்சன் விறைப்பாகப் பின்னால் நடக்க, செங்கமலம் ஒரு சாயக்காரர் வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே கைக்குழந்தை வீறிட்டு அழுதது. அதன் தாய் தலைவிரி கோலமாக வந்தாள்.

"ஏதாச்சும் வேலை இருக்கா தாயி?"

"வேலையப் பத்தி அப்புறம் பேசலாம்க்கா. மொதல்ல இவனைக் கொஞ்சம் பிடிங்க."

செங்கமலம் பிள்ளையை வாங்கித் தூளியில் போட்டுப் பாட ஆரம்பித்தாள். சற்று நேரத்தில் பிள்ளையின் அழுகை நின்றது. பல நாள் கண்மூடாத அந்தத் தாய் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள். சரி, வாசலில் கரியோடு உட்கார்ந்திருந்த அதிகாரி என்ன செய்தான்? குறட்டை விட்டான்.

எழுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. நழுவிய தலைப்பாகையை மடித்து அவன் தலைக்கு அணை கொடுத்தாள். பொழுது சாயும்வரை மூன்று பேருக்கும் மாறி மாறி ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் சபையில் ராஜா கேட்டான். "எத்தனை வீட்டுக்குப் போனீர்?"

"ஒரு வீடு, மகாராஜா."

"அவ்வளவுதானா? கோடு?"

விரூபாட்சன் குரலை உயர்த்தினான். "இவள் எங்கே வேலை தேடினாள்? போன வீட்டில் நாள் முழுக்க உட்கார்ந்து பிள்ளையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள்."

"அப்படியென்றால் வேலை பார்த்தாள் என்கிறீர்" என்றார் மணவாளர்.

வசமாகச் சிக்கினாள் என்று நினைத்தான் அதிகாரி. "ஆமாம், பார்த்தாள். நானே சாட்சி. வேலை பார்க்கிறவளுக்கு எதற்கு இந்த அரிசி? அது வேலை இல்லாதவர்களுக்கு அல்லவா?"

"உண்மை" என்று மணவாளர் ராஜாவைப் பார்த்தார். "இவளுக்கு உதவி அரிசி வேண்டாம் மகாராஜா. இத்தனை நாள் வீடு வீடாகப் பார்த்த வேலைக்குக் கூலி கொடுங்கள். அந்த வீட்டுக்காரர்களால் கொடுக்க முடியாது. இல்லை என்று சொல்லக்கூட அவர்கள் விழித்திருக்கவில்லை."

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. விரூபாட்சன் முகத்தையே பார்த்தான். "உண்மையைச் சொல்லும். நீர் என்ன செய்தீர் அங்கே?"

அதிகாரி தலையைக் குனிந்துகொண்டான். அவன் குரல் இறங்கிவிட்டது. "தூங்கினேன் மகாராஜா. என் மனைவி இறந்த பிறகு அப்படி நான் தூங்கியதே இல்லை."

ராஜாவுக்கு நெஞ்சு இளகிவிட்டது. "கரிக்கோட்டுச் சட்டம் இன்றோடு ஒழிந்தது. நான்தான் யோசிக்காமல் தலையாட்டினேன்" என்றான். "பிள்ளை பிறந்த வீட்டுக்கெல்லாம் செங்கமலம் போகட்டும். கூலி களஞ்சியத்திலிருந்து போகும். விரூபாட்சரே, அதை நீரே சுமந்துபோய் அவள் வீட்டில் இறக்கிவிட்டு வாரும்."

"உத்தரவு மகாராஜா" என்றான் அவன். அதில் கோபமே இல்லை. செங்கமலம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று மாலையே சடையனுக்குச் சோறு வடிக்கலாம்.

"அப்படி என்னதான் பாடினாள்?" என்று ராஜா ஆசையாகக் கேட்டான்.

விரூபாட்சன் யோசித்தான். "ஒரு கொக்கு குளம் தேடிப் போகிறது. வழியில் மழை பிடித்துக்கொள்கிறது. அதற்குமேல் எனக்குத் தெரியாது மகாராஜா."

"நீ சொல் அம்மா. கொக்குக்குக் குளம் கிடைத்ததா?"

செங்கமலம் வெட்கப்பட்டுச் சிரித்தாள். "எனக்கும் தெரியாதுங்க மகாராஜா. அந்த மழையத் தாண்டிப் பாட இதுவரைக்கும் எந்தப் பிள்ளையும் என்னை விட்டதில்லை."