கை எட்டும் மாடம்

அந்த வருஷத்து அடைமழை குன்றடி மடத்தில் ஒரே ஓர் அறையைத்தான் சாய்த்தது. அது அடுக்களை. புதிதாகக் கட்டும் பொறுப்பைக் குருவம்மா குற்றாலிங்கத்திடம் ஒப்படைத்தார்.

குற்றாலிங்கம் குருவம்மாவைவிட வயதில் மிகவும் மூத்த சீடர். பாதி ஆயுளை ஓர் அரிசி ஆலைக் கிடங்கின் சாவியோடு கழித்தவர். மனைவி போன பிறகு வீட்டை விட்டுவிட்டு மடத்துக்கு வந்தார். வீட்டை விட முடிந்தது. இடுப்புச் சாவியை விட முடியவில்லை. வந்த கொஞ்ச நாளிலேயே மடத்து மளிகைப் பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டார். அதன் பிறகு உப்பும் புளியும் அவர் கையால் கொடுத்தால்தான் உண்டு.

இருந்த பணம் சொற்பம். கொத்தனாரோடு உட்கார்ந்து பார்த்ததில் ஒரு சின்ன அறைதான் தேறியது. அதிலும் ஒரு பங்கைச் சாமான் வைக்கும் உக்கிராணமாகத் தடுத்து, இரும்புக் கதவு போட வேண்டும் என்றார் குற்றாலிங்கம்.

"இரும்புக் கதவு வச்சா புகைபோக்கிக்குக் காசு இருக்காதே, அய்யா," என்றார் கொத்தனார்.

"புகை வாசல் வழியாப் போகட்டும். அரிசி போகக் கூடாது."

சமையல் செய்யும் முப்பிடாதி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அடுப்புப் பக்கத்துச் சுவத்துல ஒரு மாடக்குழி மட்டும் வச்சுத் தாங்க, அண்ணாச்சி. கை எட்டுத தூரத்துல. சின்னதாப் போதும்."

"செலவே இல்லாத வேலை," என்றார் கொத்தனார். "சொல்லப்போனா செங்கல் மிச்சம்."

அங்கேதான் குற்றாலிங்கத்துக்குப் பொறி தட்டியது. செலவில்லாத ஒன்றை ஒருத்தி எதற்காகக் கேட்கிறாள்? அதுவும் வாசலில் நின்றால் கண்ணில் படாத மூலையில்? இந்தக் கொத்தனார் ஏன் அவளுக்காகப் பரிந்து வருகிறார்? இரண்டு பேரும் ஒரே ஊரோ?

அதன் பிறகு அவருக்குத் தியானம் ஓடவில்லை. சமையல் அப்போது முற்றத்தில் ஒரு கீற்றுக் கொட்டகையில் நடந்துகொண்டிருந்தது. ஒரு மத்தியானம், முப்பிடாதி தண்ணீர் எடுக்கப் போன சமயம் பார்த்து உள்ளே நுழைந்தார். அடுப்போரம் கவிழ்ந்து கிடந்த மண்சட்டியைத் தூக்கினார்.

அடியில் ஒரு பிடி உப்பு. கொஞ்சம் புளி. நாலைந்து மிளகாய்.

குற்றாலிங்கத்துக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சந்தேகப்பட்டது மெய்யாகிவிட்டால் வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்கு ஈடு கிடையாது. நேரே குருவம்மாவிடம் போனார்.

"அம்மா, கண்டுபிடிச்சிட்டேன். முப்பிடாதி மண்சட்டிக்கு அடியில சாமானை ஒளிச்சு வைக்கா."

"எவ்வளவு?"

"இன்னைக்கு உப்பு. நாளைக்கு மூட்டை. மாடக்குழி கேட்டதும் இதுக்குத்தான்."

"என்ன செய்யலாம்ங்கீங்க?"

"அவ திருடியா இல்லையா, நீங்களே சொல்லுங்க. திருடின்னா நாளைக்குச் சாயங்கால பஸ்ஸுல அனுப்பிருதேன்."

மடத்தை விட்டால் முப்பிடாதிக்குப் போக்கிடம் கிடையாது. அது குற்றாலிங்கத்துக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

"நாளைக்கு மத்தியானச் சாப்பாடு முடியட்டும், சொல்லுதேன்," என்றார் குருவம்மா.

இது என்ன நழுவல் என்று யோசித்தபடியே திரும்பினார் குற்றாலிங்கம். குருவின் மேலேயே லேசாகச் சந்தேகம் தட்டியது. பெண்ணுக்குப் பெண் விட்டுக்கொடுக்க மாட்டார்களோ?

மறுநாள் காலை குருவம்மா கோலப்பொடியும் கையுமாக முற்றத்தில் குனிந்திருந்தார். போட்டது கோலம் இல்லை. குற்றாலிங்கத்தின் திட்டத்தையே தரையில் முழு அளவுக்கு இழுத்திருந்தார். இங்கே சுவர், இங்கே வாசல், இங்கே உக்கிராணம். அடுப்பு வரும் இடத்தில் மூன்று கல். அதன் பக்கத்தில் பாத்திரங்களும், கழுவிக் கவிழ்த்த அந்த மண்சட்டியும்.

"கட்டுததுக்கு முந்தி ஒரு வேளை சமைச்சுப் பாத்துருவோம், அண்ணாச்சி. இன்னைக்கு நீங்க."

"நானா?"

"உங்களுக்கு ரசம் வைக்கத் தெரியும்லா? முப்பிடாதி வேப்பமரத்தடியில இருக்கட்டும். சாவியை இங்க தாங்க."

இடுப்பிலிருந்து சாவியை அவிழ்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. முடிச்சு இறுகிவிட்டது என்று முணுமுணுத்தார்.

குருவம்மா மளிகைப் பெட்டியை உக்கிராணக் கோட்டுக்குள் இழுத்துப் போட்டுப் பூட்டினார். அதன் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அரிசி வாங்கி உலையில் போட்டவரைக்கும் சிக்கல் இல்லை. புளி வேண்டியிருந்தது. குற்றாலிங்கம் குறுக்கே இரண்டு எட்டு வைத்தார்.

"சுவத்துல முட்டிக்கிட்டீங்களே, அண்ணாச்சி. வாசல் அந்தப் பக்கம்லா இருக்கு."

சுற்றிக்கொண்டு வந்தார். அடுப்புப் புகை மட்டும் எந்தக் கோட்டையும் மதிக்காமல் அவர் பின்னாலேயே வந்தது.

"புளி வேணும்மா."

"எதுக்கு?"

"ரசத்துக்கு."

"நேத்துக் கொடுத்தது?"

"அது நேத்தே தீந்திருக்கும்."

"முழுசுமா?"

குருவம்மா ஓர் உருண்டை புளியை எடுத்துக் கையில் எடை பார்த்தார். ஒரு துண்டைக் கிள்ளிப் பெட்டியில் போட்டுவிட்டு மீதியைக் கொடுத்தார். கொடுக்கும்போது குற்றாலிங்கத்தின் கையைப் பார்த்தார். பிறகு வேட்டி மடிப்பைப் பார்த்தார்.

குற்றாலிங்கத்துக்குக் காது சுட்டது. அந்தப் பார்வை அவருக்குப் புதிதில்லை. இதுவரை பார்த்துத்தான் பழக்கம், பார்க்கப்பட்டுப் பழக்கம் இல்லை.

மிளகாய்க்குப் போனார். மறுபடியும் எதுக்கு, நேத்துக் கொடுத்தது என்னாச்சு. உப்புக்குப் போனபோது குருவம்மா கண்ணை மூடியிருந்தார்.

"அம்மா, உப்பு."

"ஜபம் முடியட்டும்."

இதுவும் குற்றாலிங்கத்தின் வழக்கம்தான். முப்பிடாதி வந்து நின்றால் அவர் இதே மாதிரி கண்ணை மூடிக்கொள்வார். நின்றவளுக்குப் பின்னால் ஓர் உலை பொங்கிக்கொண்டிருக்கும் என்பது அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. இப்போது தோன்றியது. சோறு பொங்கித் தீயில் வழிந்தது. ரசம் நுரை கட்டியது. ஓடிப்போய் இறக்கவும் முடியாமல், கேட்காமல் எடுக்கவும் முடியாமல், அறுபது தாண்டிய மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அழுகை வரும்போல் இருந்தது.

உப்பு கிடைத்ததும், "இன்னும் கொஞ்சம் தாங்க," என்றார்.

"எதுக்கு?"

"சோத்துக்கும் போடணும்." அந்த மடத்தில் சோற்றுக்கு உப்புப் போடும் வழக்கம் கிடையாது.

அடுப்புக்குத் திரும்பினார். ரசத்துக்கு வேண்டியதைப் போட்டார். கையில் மீதி இருந்தது. கரைத்த புளியிலும் ஒரு துணுக்கு மிஞ்சியிருந்தது, மிளகாயும் இருந்தது. கடைசி நேரத்தில் ருசி குறைந்தால் இன்னொரு நடை யார் நடப்பது? சுற்றுமுற்றும் ஒரு பார்வை பார்த்தார். குருவம்மா கண்ணை மூடியிருந்தார். வேப்பமரத்தடியில் முப்பிடாதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பார்த்ததும் முகத்தைக் குன்றின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ரசம் மோசமில்லை. மடத்தில் இருந்தவர்கள் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார்கள். சாப்பாடு முடிந்து இலை எடுத்த பிறகும் குற்றாலிங்கம் குருவம்மாவிடம் எதையும் கேட்கவில்லை. ஏனோ கேட்கத் தோன்றவில்லை. முப்பிடாதி மட்டும் வழக்கம்போல் பாத்திரம் துலக்க உட்கார்ந்தாள்.

கொத்தனார் மட்டப்பலகையோடு வந்து நின்றார்.

குருவம்மா எழுந்து, கோட்டை மிதிக்காமல் வாசல் வழியாக நடந்து, அடுப்பருகே குனிந்தார். கவிழ்ந்திருந்த மண்சட்டியை எடுத்தார்.

ஒரு பிடி உப்பு. துணுக்குப் புளி. இரண்டு மிளகாய்.

குருவம்மா சாவியை எடுத்து நீட்டினார். குற்றாலிங்கம் கையை நீட்டவில்லை.

"மாடத்தை எந்தப் பக்கம் வைக்கணும்னு கொத்தனார் கேக்காரு," என்றார் குருவம்மா. "உங்க கை எந்தப் பக்கம் போச்சு, அண்ணாச்சி?"