அடப்பங்கொடி இலையில் ஆட்டுக் குளம்பு

அடப்பங்கொடி நின்ற காலம் ஒன்று இருந்தது. ஆடும் செடியும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், கடலோர மணல்மேட்டுப் பனையைச் சுற்றிக்கொண்டு அது மேலே ஏறிக்கொண்டிருந்தது. இலையெல்லாம் வெற்றிலை மாதிரி, பிளவே கிடையாது. ஏன் ஏறியது? ஆட்டுக்குப் பயந்துதான். வேறு பெரிய காரணம் ஒன்றுமில்லை.

கீழே மீனவக் குப்பத்துச் சம்பூரணத்தின் ஆடுகள் மேயும். அதில் சுட்டி என்கிற வெள்ளாட்டுக்கு வாய் ஜாஸ்தி.

"ஏய் கொடி, எத்தனை நாளைக்கு அங்கேயே தொங்குவ? இறங்கு, மிதிச்சுப் பாக்கணும்!"

"ஏழு வருஷமா ஏறுறேன். உச்சிக்கு இன்னும் ஒரு முழந்தான். அங்கதான் பூப்பேன், போடி" என்றது கொடி.

ஒரு நாள் காற்று சுத்தமாக நின்றுவிட்டது. புயல் என்ற சொல்லே அந்தக் குப்பத்துக்குத் தெரியாது. "கருவாடு காய நல்ல நாள்" என்று ஊரே கரையில் மீனைப் பரப்பியது.

உயரத்தில் இருந்த கொடிக்குத்தான் முதலில் தெரிந்தது. கடலில் கறுப்பாக ஒன்று எழுந்து வந்தது.

"மேட்டுக்கு ஓடுங்க!" என்று கொடி கத்தியது.

"மீனை யாரு பாத்துக்குவா, நீயா?" என்று சம்பூரணம் சிரித்தாள்.

சிரித்து முடிப்பதற்குள் காற்று கருவாட்டையும் கூரையையும் வாரிக்கொண்டு போனது. பின்னாலேயே கடல். இப்போது எல்லாரும் மேட்டுக்குத்தான் ஓடினார்கள். மணல் நின்றால்தானே! ஓர் அடி வைத்தால் இரண்டு அடி சரிந்தது. சுட்டி முட்டி போட்டு வழுக்கியது.

"கொடியக்கா!"

அக்காவாம், இப்போது.

கொடி உச்சியைப் பார்த்தது. ஒரு முழந்தான். கீழே பார்த்தது.

"மிதிச்சுத் தொலை!" என்று பனையை விட்டுவிட்டுச் சரிவில் விழுந்தது. விழுந்ததும் கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலைக் கவ்விக்கொண்டது. சுட்டி மிதித்து ஏறியது. மற்ற ஆடுகள் ஏறின. கொடியைப் பிடித்துக்கொண்டு சம்பூரணம் ஏறினாள், ஊரே ஏறியது. குளம்பு பட்டு இலையெல்லாம் நடுவில் பிளந்தது. கொடி பிடியை விடவில்லை. அலை முட்டி முட்டிப் பார்த்தது, மேடு கரையவில்லை.

கடல் திரும்பிப் போனபின் எண்ணிப் பார்த்தார்கள். ஆளும் குறையவில்லை, ஆடும் குறையவில்லை.

"உன் உச்சி போச்சே, அக்கா" என்றது சுட்டி.

"எங்க போச்சு? அங்க பாரு."

புயலில் முறிந்த பனையின் உச்சி மணலில் கிடந்தது. கொடி ஊர்ந்துபோய் அதன்மேல் ஏறி, முதல் பூவை விட்டது.

அடப்பங்கொடி மணலோடு மணலாகப் படர்வதும், அதன் இலை ஆட்டுக் குளம்பு மாதிரி பிளந்திருப்பதும் அன்றைக்குத் தொடங்கியதுதான். நம்பாவிட்டால் கடற்கரைக்குப் போய்க் கொடியைப் பிடுங்கிப் பாருங்கள். லேசில் வராது.